சகோதரன் கொடுத்த தோல்: சர் பீட்டர் மெடாவரின் வாழ்க்கை



இந்த இதழுக்கும் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல ஒரு தேசத் தலைவரைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு மனது மாறிவிட்டது. ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். லிஃப்டில் எப்போதும் முகக்கவசத்தோடு வருவாளே, அவள்தான். பிள்ளையார் சதுர்த்தி பூஜையில் சுண்டலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றதைச் சிலர் தவறாக எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு 8 வருடத்துக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தவன் நான். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்பதால் கூட்டத்திலும் வெளிச் சாப்பாட்டிலும் அவளுக்குக் கட்டுப்பாடு. அவ்வளவுதான் விஷயம்.

சில மாதங்களுக்கு முன் அவளுடைய ரத்தத்தில் கிரியாட்டினின் 1.2-இலிருந்து 1.9-க்கு ஏறிவிட்டது. மருத்துவர் பயாப்ஸி செய்ய வேண்டும் என்றார். அவள் முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். இருக்கிற ஒரு கிட்னியில் போய் ஊசியால் குத்திச் சதையைப் பிய்க்கலாமா, ஸ்கேன் எடுத்தால் போதாதா என்று நம் பிளாக்கிலேயே நல்லெண்ணத்தோடு கேட்டவர்களும் உண்டு. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அந்த வாரம் தூக்கம் வராத இரவுகளில் படித்துத் தெரிந்துகொண்ட மனிதர்தான் பீட்டர் மெடாவர். நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இவர் கதையை ஒரு கணக்குப்பிள்ளையாலும் புரிந்துகொள்ள முடிகிறது. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

மெடாவர் பிறந்தது 1915 பிப்ரவரி 28, பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனீரோவுக்கு அருகே பெட்ரோபோலிஸ் என்ற ஊரில். அப்பா லெபனான்காரர். பல் மருத்துவத்துக்கான சாமான்களை விற்கும் வியாபாரத்துக்காகப் பிரேசில் போனவர். அம்மா ஆங்கிலேயர். பையன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. விடுதிப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. 1932-இல் ஆக்ஸ்ஃபர்டில் மாக்டலன் கல்லூரியில் சேர்ந்து விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கினார். பிறகு அங்கேயே ஹோவர்ட் ஃப்ளோரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. பெனிசிலினை மருந்தாக்கிய அதே ஃப்ளோரிதான்.

இங்கே ஒரு சிறு செய்தி. முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்துத் தகுதியும் பெற்றுவிட்டார். பட்டத்தை வாங்கக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குடல்வால் அறுவை சிகிச்சை வந்தது. கையிலிருந்த பணம் அதற்குப் போய்விட்டது. பட்டத்தை வாங்காமலே விட்டுவிட்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருக்கு ஆக்ஸ்ஃபர்டின் அந்த முனைவர் பட்டம் மட்டும் கிடையாது.

ஆக்ஸ்ஃபர்டில் உடன் படித்த ஜீன் என்பவரை 1937-இல் மணந்தார். நான்கு பிள்ளைகள். ஜீன் அம்மையாரைப் பற்றிக் கடைசியில் மறுபடியும் வருகிறேன்.

1940. இரண்டாம் உலகப் போர். ஆக்ஸ்ஃபர்டில் மெடாவர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தது. அதிலிருந்த ஒரு விமானப்படை வீரர் உடம்பெல்லாம் வெந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். மெடாவரால் ஏதாவது செய்ய முடியுமா என்று அங்கிருந்த மருத்துவர்கள் கேட்டார்கள். அதுவரை அவருடைய ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்துக்குள் மட்டுமே இருந்தது. கண்ணெதிரே தோலே இல்லாமல் ஒரு இளைஞர் கிடந்ததைப் பார்த்த பிறகு அவர் வேறு எதையும் பெரிதாக நினைக்கவில்லை.

பிரச்சினை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தீக்காயத்தை மூடத் தோல் வேண்டும். நோயாளியின் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். இது நம் நாட்டில் பழைய வித்தை. சுசுருதர் காலத்திலிருந்தே மூக்கு அறுந்தவர்களுக்கு அவரவர் தோலைக் கொண்டே மூக்கு வைத்தார்கள். புனே பக்கம் நடந்த அப்படியொரு சிகிச்சையைப் பற்றி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்து, ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோனவருக்கு எடுப்பதற்குத் தோல் ஏது? பக்கத்தில் இருக்கும் அண்ணனோ அம்மாவோ தோல் கொடுத்தால் முதலில் ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களில் கழன்று விழுந்துவிடும். ஏன் என்று தெளிவாகத் தெரியாது. ஒட்டியவரின் கைவேலை சரியில்லை, சீழ் பிடித்துவிட்டது, தோல் பொருந்தவில்லை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

அரசாங்கத்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு மெடாவரை ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்துக்கு அனுப்பியது. அங்கே ராயல் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் தாமஸ் கிப்சன் என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். இருவரும் சேர்ந்து ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டார்கள். 22 வயதுப் பெண். வலிப்பு வந்து எரிவாயு அடுப்பின் மேல் விழுந்து உடம்பு வெந்துவிட்டது. காயத்தின் ஒரு பகுதியில் அவளுடைய சொந்தத் தோலைச் சிறு சிறு துண்டுகளாகப் பதித்தார்கள். இன்னொரு பகுதியில் அவளுடைய சகோதரனின் தோல். நாற்று நடுவது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லோரும் செய்ததுதான். அதற்கு மேல் இவர்கள் செய்ததில்தான் விஷயம் இருக்கிறது. சில நாட்களுக்கு ஒரு முறை, பதித்த துண்டுகளில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே வெட்டி எடுத்தார்கள். அவளுடையதில் ஒன்று, சகோதரனுடையதில் ஒன்று. மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்து வைத்தார்கள். தோலுக்கே தட்டுப்பாடு உள்ள ஒரு பெண்ணிடமிருந்து, ஒட்டிய தோலையே திருப்பி எடுப்பதா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். நான் இதைப் படித்தபோது என் தங்கையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

முதல் சில நாட்கள் இரண்டு வகைத் தோலும் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. பிறகு சகோதரனின் தோல் மட்டும் சிதையத் தொடங்கியது. அவளுடைய சொந்தத் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே காயம், ஒரே கை, ஒரே கட்டு. கைவேலைதான் காரணம் என்றால் இரண்டும் போயிருக்க வேண்டும்.

முதல் தவணை வைத்த 15-ஆம் நாள், அதே சகோதரனிடமிருந்து இரண்டாவது தவணையாகத் தோல் எடுத்துப் பதித்தார்கள். இந்த முறை அது முதல் தவணை அளவுக்குக்கூடத் தாங்கவில்லை. வந்த வேகத்தில் அழிந்தது. உடம்பு முதல் தடவையே அந்தச் சகோதரனை அடையாளம் குறித்து வைத்துக்கொண்டுவிட்டது. அம்மை ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வருவதில்லை அல்லவா, அந்தக் கிருமியை உடம்பு மறக்காமல் வைத்திருப்பது போலவே இதுவும். இது கைவேலைக் கோளாறு இல்லை, உடம்பின் காவல் வேலை என்று 1943-இல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், 1924-லேயே எமில் ஹோல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டாம் தவணைத் தோல் சீக்கிரம் போய்விடுவதைக் கவனித்து எழுதியிருந்தார். அதை யாரும் தொடரவில்லை. மெடாவர் ஒரு நோயாளியோடு நிறுத்தாமல் ஆக்ஸ்ஃபர்டுக்குத் திரும்பி, முயல்களில் நூற்றுக்கணக்கான தோல் துண்டுகளை மாற்றி மாற்றிப் பதித்து, நாள் குறித்து எடுத்து, அதே கதை திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டினார். அன்னியத் தோலுக்குள் வெள்ளணுக்கள் கூட்டமாகப் புகுந்திருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அவைதான் அழிக்கின்றன என்பது மற்றவர்களின் உழைப்பால் பின்னர் உறுதியானது. இன்றைக்கும் பயாப்ஸி அறிக்கையில் முதலில் தேடுவது அந்தக் கூட்டத்தைத்தான்.

1947-இல் அவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ரூபர்ட் பில்லிங்ஹாம் என்ற மாணவரும் உடன் சென்றார். அடுத்த வருடம் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு மாநாட்டில், ஹியூ டொனால்ட் என்ற கால்நடை விஞ்ஞானி ஒரு சந்தேகம் கேட்டார். இரட்டைக் கன்றுகளில் எது ஒரே கருவில் பிரிந்தது, எது தனித்தனிக் கருவில் வளர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெடாவர் அதற்கென்ன, ஒன்றின் தோலை மற்றொன்றுக்கு ஒட்டிப் பாருங்கள், தனித்தனிக் கருவானால் தோல் கழன்றுவிடும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல் தாமே பண்ணைக்குப் போய் ஒட்டியும் பார்த்தார்.

கணக்கு தப்பாகிவிட்டது. ஒன்று காளை, ஒன்று கிடாரி என்று கண்ணால் பார்த்தாலே தனித்தனிக் கரு என்று தெரிகிற கன்றுகளும் ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. இன்னொருவராக இருந்தால் சொன்ன வாக்குப் பொய்த்ததே என்று மூடி மறைத்திருப்பார். இவர் புத்தகங்களைப் புரட்டினார். 1945-இல் அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் எழுதிய கட்டுரை கிடைத்தது. இரட்டைக் கன்றுகளுக்குத் தாய் வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் கலந்துவிடுகிறது என்று அதில் இருந்தது. அப்படியானால் பிறப்பதற்கு முன்பே பழகிய ஒன்றை உடம்பு பிறகு அன்னியமாக நினைப்பதில்லை.

1951-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்கு வந்ததும், பில்லிங்ஹாமோடும் லெஸ்லி பிரெண்ட்டோடும் சேர்ந்து இதைச் சுண்டெலிகளில் சோதித்தார். பிரெண்ட், நாஜிகளிடமிருந்து தப்பிக் குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட யூதப் பையன். தாய் வயிற்றிலிருக்கும் எலிக்குட்டிகளுக்கு வேறு இனத்து எலியின் செல்களை ஊசியால் செலுத்தினார்கள். அவை பிறந்து வளர்ந்த பின் அந்த வேறு இனத்து எலியின் தோலை ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது. பழுப்பு எலியின் முதுகில் வெள்ளை முடியோடு ஒரு திட்டு. 1953-இல் அந்தச் செய்தி வெளியானபோதுதான், மாற்று உறுப்பு என்பது நடக்கவே நடக்காத காரியம் இல்லை என்று உலகத்து அறுவை மருத்துவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

1960-இல் நோபல் பரிசு. ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டும் மெடாவரும் பகிர்ந்துகொண்டார்கள். பில்லிங்ஹாம், பிரெண்ட் பெயர்கள் அறிவிப்பில் இல்லை. மெடாவர் தமக்கு வந்த பணத்தில் அவர்கள் இருவருக்கும் பங்கு கொடுத்தார். இத்தனை வருடம் மற்றவர் பணத்தை எண்ணியவன் என்ற முறையில் சொல்கிறேன், கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் பணம் கொடுப்பவர்கள் குறைவு.

நோபலுக்குப் பிந்தைய பெருமைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1962-இல் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். 1965-இல் சர் பட்டம். உலக உறுப்பு மாற்றுச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

இதற்கிடையே வேலையை மற்றவர்கள் கொண்டு போனார்கள். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர், ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கிடையே சிறுநீரகத்தை மாற்றி வெற்றி கண்டனர். அங்கே நிராகரிப்புக்கு இடமில்லை. மற்றவர்களுக்கு எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகள் 1960-களில் வந்தன. 1968 பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். நோயாளி சில மணி நேரமே இருந்தார். நம் பக்கம், வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் நடந்த சிறுநீரக மாற்றுதான் நாட்டில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று. ஒரகடத்திலிருந்து வேலூர் இரண்டு இரண்டரை மணி நேரப் பயணம். இன்று மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் ஒழுங்காக நடக்கிறது. தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-இல் அறிவித்தார்கள்.

இதயம் மாற்றியவர்களுக்கு நிராகரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. மூச்சு வாங்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிலிப் கேவ்ஸ் என்ற வட அயர்லாந்து மருத்துவர், 1970-களின் தொடக்கத்தில், கழுத்து ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, முனையிலுள்ள குட்டிக் கிடுக்கியால் மணிபோன்ற துண்டைக் கிள்ளி எடுக்கும் கருவியைச் செய்தார். அங்கே நோய்க்குறியியலில் இருந்த மார்கரெட் பில்லிங்ஹாம் அம்மையார் அந்தத் துண்டுகளைப் பார்த்து நிராகரிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று படி வகுத்தார். சிறுநீரகத்துக்கு அப்படிப் படி வகுக்க 1991-இல் கனடாவில் பான்ஃப் என்ற மலை ஊரில் மருத்துவர்கள் கூடினார்கள். நம் ஊர் அறிக்கைகளிலும் பான்ஃப் என்ற ஊர்ப்பெயரைப் பார்க்கலாம். என் தங்கையின் அறிக்கையிலும் இருந்தது. ஏதோ மருந்துப் பெயர் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

இனி, ஸ்கேன் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் வங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன், மாதக் கடைசியில் லெட்ஜரைக் கூட்டி டேலி செய்வோம். 900 ரூபாய் வித்தியாசம் என்றால், வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். 9-ஆல் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஒரு ஊகம் செய்யலாம். ஆனால் யார் கணக்கில், பற்றா வரவா என்று தெரிய வேண்டுமானால் வவுச்சர் கட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். கிரியாட்டினின் 1.9 என்பது அந்த 900 ரூபாய். உடம்பு என் சிறுநீரகத்தை எதிர்க்கிறது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். சாப்பிடும் மருந்தே அளவு மிஞ்சிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்றால் குறைக்க வேண்டும். எதிர்ப்பு குறைந்ததால் உள்ளே ஒரு வைரஸ் கிளம்பியிருக்கிறது என்றாலும் குறைக்க வேண்டும். ரத்தத்தில் வருகிற எண் மூன்றுக்கும் ஒன்றேதான். மருந்தோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். ரத்தத்தில் மருந்து அளவு, வைரஸ் எல்லாம் பார்த்து ஊகிக்கலாம். ஊகம் தப்பினால் போவது சிறுநீரகம்.

நம் குடியிருப்பில் பாதிப்பேர் சிப்காட் தொழிற்சாலைகளில் இருக்கிறீர்கள். வெல்டிங் உள்ளே நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு பாகத்தைக் குறுக்கே அறுத்து, அமிலம் தடவி, பெரிதாக்கிப் பார்ப்பதாக என் எதிர்வீட்டு இளைஞர் சொல்லியிருக்கிறார். மேலே தடவிப் பார்த்துத் தேற்றி அனுப்பினால் வண்டி சாலையில் பிரிந்துவிடும். அதே வேலைதான். ஒரு வித்தியாசம், தொழிற்சாலையில் அறுத்த பாகத்தைக் குப்பையில் போடலாம். இங்கே அறுபடும் பொருளே நமக்கு வேண்டும். அதனால் பென்சில் முனைக் கரி அளவுக்கு மெல்லியதாக இரண்டு துண்டு மட்டும் எடுக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதில் முழுக்கச் செல்லாது. நிராகரிப்பு சில இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கலாம். இரண்டாவது துண்டு அதற்காகத்தான்.

மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, அடிவயிற்றில் தோலுக்குச் சற்றே கீழே வைக்கிறார்கள். அது பழைய இடத்தில் இருப்பதைவிட ஊசிக்கு வசதி. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். பிறகு அசையாமல் பல மணி நேரம் படுத்திருக்க வேண்டும். சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் வரும். அபாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவளிடம் நான் இதையெல்லாம் சொன்னபோது வவுச்சர் கதை எடுபடவில்லை. கிளாஸ்கோ பெண்ணின் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டாள். சகோதரன் தோல் கொடுத்தும் நிற்கவில்லையே என்றுதான் முதலில் வருத்தப்பட்டாள். எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது. கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று 8 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உடம்பு ஒவ்வொரு நாளும் என்னை அன்னியன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, மாத்திரை அதன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. மறுநாள் காலை அவளே பையை எடுத்து வைத்திருந்தாள். படப்பை, மண்ணிவாக்கம் வழியாகச் சென்னைக்குப் போகும்வரை இருவரும் பேசவில்லை.

மெடாவரின் கடைசிக் காலத்தையும் சொல்லி முடிக்க வேண்டும். 1969-இல், 54 வயதில், பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராக எக்சிட்டர் தேவாலயத்தில் வேதப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் தாக்கியது. இடது கையும் காலும் செயலிழந்தன. பார்வையில் ஒரு பகுதி போயிற்று. இயக்குநர் பதவியை 1971-இல் விட்டார், ஆராய்ச்சியை விடவில்லை. லண்டனின் ஹாரோவில் இருந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் தொடர்ந்தார். ஜீன் அம்மையார் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து புத்தகங்கள் எழுதினார்கள். இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரையாக 1979-இல் அவர் எழுதிய சிறு புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. சுயசரிதைக்குச் சிந்திக்கும் முள்ளங்கி ஒன்றின் நினைவுகள் என்று பெயர் வைத்தார். நோபல் பரிசு வாங்கியவர் தம்மை முள்ளங்கி என்று சொல்லிக்கொள்கிறார். அது வந்தது 1986-இல். அதற்குள் மேலும் சில முறை பக்கவாதம் வந்திருந்தது. 1987 அக்டோபர் 2 அன்று லண்டனில் காலமானார்.

பிறவியிலேயே பழக்கிவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று அவர் எலியில் காட்டியதை மனிதரில் சாதாரணமாகச் செய்ய இன்னும் வழி வரவில்லை. அதனால்தான் என் தங்கை காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் செல்போன் அலாரம் வைத்திருக்கிறாள். பூஜையின் நடுவே அது அடித்தால் மன்னிக்கவும்.

அறிக்கை இரண்டாம் நாள் வந்தது. நிராகரிப்புத்தான், தொடக்க நிலை. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி ஏற்றினார்கள். மாத்திரை அளவை மாற்றினார்கள். மருந்து அதிகமாகிவிட்டது என்று ஊகித்து குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, மருத்துவரும் சொல்லவில்லை. கிரியாட்டினின் இப்போது 1.4. பழைய 1.2-க்கு இறங்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் மாதம் முதல் திங்கட்கிழமை. காலை 6 மணிக்கே கிளம்பிவிடுவோம், ஷிஃப்ட் பஸ்கள் வாலாஜாபாத் சாலைக்கு வருவதற்கு முன்.